அரங்குக்கு ஒரு ஜன்னல் இருந்தது

எங்கள் வீட்டுச் சாமான் அறையான அரங்கின் கதவைத் திறக்க ஒரு முறை இருந்தது. வலது கையால் தாழ்ப்பாளை நீக்கி, கதவை ஒரு சாண் மட்டும் தள்ள வேண்டும். அந்த இடுக்கு வழியாக இடது கையை உள்ளே விட்டு, கதவுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் டப்பாக் கோபுரத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு உடம்பை ஒருக்களித்து நுழையலாம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு இது பழகிப் போயிருந்தது. சம்பந்தி அம்மாளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அவர் அன்று என் மகளின் வளைகாப்புக்கு நாள் குறிக்க வந்திருந்தார். முன்கூடமான பட்டாசலில் ஆண்கள் பேச்சுச் சத்தம். ஜோசியரோடு போனில் பேச அமைதியான இடம் வேண்டும் என்று, நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அரங்குக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். முதலில் ஐஸ்கிரீம் டப்பாக்கள் விழுந்தன. பின்னால் அவற்றின் மூடிகள் விழுந்தன. மூடியையும் டப்பாவையும் நான் தனித்தனியாகத்தான் அடுக்குவேன். அடுத்தது பித்தான் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின். எல்லாம் ஓய்ந்த பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிற மாதிரி, ஒரு பெயிண்ட் வாளி உருண்டு வந்து அவர் கால் பெருவிரலில் இடித்து நின்றது. நான் ஓடி வந்து பார்த்தபோது பட்டுச்சேலையோடு மூடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். போனில் ஜோசியர் இன்னும் நட்சத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அரங்கை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பட்டாசலுக்கு வந்து உட்கார்ந்து, காப்பியை முழுசாகக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் சொன்னார்.

"மதினி, தப்பா நெனைக்காதிய. வளைகாப்பு முடிஞ்சு பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்தா எங்கன படுக்க வைப்பிய? எங்க வீட்ல மூணு ரூம் சும்மாதான் கெடக்கு. ஆஸ்பத்திரியும் பக்கம். பிரசவத்த நாங்களே பாத்துக்கிடுதோம்."

சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவர்கள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டையில். புது வீடு, அறைக்கு அறை ஏசி. எங்களுடையது டவுனில் ஒரு வளவுக்குள் இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிப் பதினோரு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நடைவாசல். எங்கள் பங்குக்கு வந்தது முன்னால் ஒரு பட்டாசல், பின்னால் ஒரு அடுக்களை, இரண்டையும் ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அரங்கு. நெல்லும் நகையும் பாத்திரமும் வைத்துப் பூட்டுவதற்காகத் தடித்த சுவரோடு கட்டிய அறை அது. நெல்லும் நகையும் என் மாமனார் காலத்திலேயே வெளியேறிவிட்டன. அந்த இடத்தை என் டப்பாக்கள் பிடித்துக்கொண்டன. நானும் என் வீட்டுக்காரரும் பட்டாசலில் படுப்போம். மகள் கல்யாணமாகிப் போகும்வரை அடுக்களையில்தான் பாய் விரித்தாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற விஷயம் இல்லை. பொழுது விடிவது மாதிரி அது. ஆனால் எனக்கு அது நடக்கவில்லை. என் அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். மாமியார் வீட்டில்தான் பிள்ளை பெற்றேன். அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இருந்தாலும் ஒரு நாளைக்காவது தலைவலிக்கிறது என்று சொல்லிச் சும்மா படுத்திருக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் மகளாவது காரணமே சொல்லாமல் படுத்திருக்க வேண்டும் என்று அவள் பிறந்த அன்றே நினைத்தேன். அதற்கு ஒரு கட்டில் போடுகிற இடம் கூட என்னிடம் இல்லை என்று இன்னொருத்தர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. அவமானமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் தாசில்தார் ஆபீசில் எழுத்தர். சம்பந்திகள் நடைவாசலைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தவர், திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அங்கன ஆளுக்கு ஒரு ரூமு. இங்கன டப்பாவுக்கு ஒரு ரூமு. யார் பெரிய எடம்னு நீயே சொல்லு." நான் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் இருந்தபோது மகள் கூப்பிட்டாள். சீவலப்பேரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. பஸ் இரைச்சலில் அவள் சொன்னது பாதி கேட்கவில்லை. மாமியார் நல்லவர், வீடு நல்ல வசதி என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.  பேசி முடித்துவிட்டாள் என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"எம்மா, நான் அங்க வரணும்மா" என்றாள்.

பள்ளி வாசலில் இறங்கியதும் சம்பந்தி அம்மாளுக்குப் போன் போட்டேன். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் நீங்களே வந்து பாருங்கள், இடம் உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் பிள்ளை எங்களோடு வரட்டும், இல்லையென்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னேன். அதற்கென்ன மதினி என்று உடனே ஒத்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது இன்னும் எரிச்சலாக இருந்தது. என்னால் முடியாது என்று அவருக்கு அத்தனை நிச்சயம். கையில் இருந்தது நாற்பது நாள்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய சாமான் எடுக்கும் அண்ணாச்சியைத் தள்ளுவண்டியோடு நடைவாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நானும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். அண்ணாச்சி முதலில் மூடி போட்ட ஒரு சம்படத்தைத் தூக்கினார். அது மூன்றாம் வீட்டு அக்காவுடையது, வையுங்கள் என்றேன். ஒரு தூக்குவாளியை எடுத்தார். அது எங்கள் பள்ளிக்கு எதிர்வீட்டு அம்மாவுடையது. பச்சை மூடி போட்ட டப்பா மாடி வீட்டு டீச்சருடையது. பெரிய எவர்சில்வர் டப்பாவின் அடியில் வெட்டியிருந்த பெயரை அவரே வாசித்து, எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு அவரே கீழே வைத்தார். ஒரு மணி நேரத்தில் வண்டியில் ஏறியது ஓட்டை விழுந்த இரண்டு வாளியும் ஒரு உடைந்த மிக்சியும்தான்.

"டீச்சர், ஒங்க வீட்டுல ஒங்களுக்குன்னு ஏதாவது சாமான் உண்டுமா? இருந்தாச் சொல்லி விடுங்க, வாரேன்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர் எரிச்சலில் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. அரங்கில் குவிந்து கிடந்ததில் பாதிக்கு மேல் என்னுடையது இல்லை. இது எப்படி ஆயிற்று என்பது எங்கள் வளவில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு வீட்டில் பணியாரம் சுட்டால் பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பாவில் போகும். அந்த டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு கரண்டி சீனி போட்டுக் கொடுக்கிறவர்களும் ஊரில் உண்டு. எங்கள் வளவில் அது கௌரவக் குறைச்சல். அவர்கள் கைவலிக்கச் சுட்டுக் கொடுத்ததற்குக் கடைச் சீனியா என்று முகத்துக்கு நேரே கேட்கமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். ஆகவே ஏதாவது பலகாரம் செய்யும்போது போட்டுக் கொடுக்கலாம் என்று டப்பாவைக் கழுவி அரங்கில் வைப்பேன். வேலைக்குப் போகிறவளுக்குப் பலகாரம் செய்ய எங்கே நேரம். அதற்குள் இன்னொரு டப்பா வரும். சீவலப்பேரியில் பிள்ளைகளின் அம்மாமார் கத்தரிக்காயும் அவரைக்காயும் கொடுத்துவிடும் பாத்திரங்கள் வேறு. மரியாதை பார்த்துப் பார்த்தே ஊரார் பாத்திரத்தையெல்லாம் நான் ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறேன்.

காலாண்டுப் பரீட்சை லீவு விட்டதும் முந்திரிக்கொத்து செய்ய உட்கார்ந்தேன். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, வெல்லப்பாகில் பிடித்து, மாவில் முக்கிப் பொரிக்க வேண்டும். கைக்கு வேலை, ஆனால் பத்து நாள் கெடாது. இரண்டு நாள் முழுக்க அடுப்படியை விட்டு நான் நகரவில்லை. வியர்த்து வடிந்துகொண்டு பொரித்தேன். என் வீட்டுக்காரர் டப்பாக்களைத் துடைத்து வரிசையாக வைக்க, டப்பாவுக்குப் பத்துப் பத்தாகப் போட்டு மூடினேன். எது யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூடியைப் பார்த்தாலே வீடு தெரியும். ஒரு நீல டப்பா மட்டும் யாருடையது என்று பிடிபடவில்லை. நான்கு வீட்டில் காட்டினேன். நான்கு பேரும் தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டு முந்திரிக்கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வளவுக்குள் திருப்பிக் கொடுப்பது ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. சீவலப்பேரிக்கு இரண்டு சாக்குப்பை. கண்டக்டர் கடமுடா சத்தத்தைக் கேட்டுவிட்டு, என்ன டீச்சர் பாத்திரக்கடை போட்டுவிட்டீர்களா என்றார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு வாசலிலும், ஏன் திடீரென்று இத்தனையும் வருகிறது என்று கேட்டார்கள். மகள் பிரசவத்துக்கு வரவேண்டும், இடம் ஒதுக்குகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அப்படிச் சொன்னது எதில் கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியாது.

திரும்பி வந்து அரங்குக் கதவை முழுசாகத் தள்ளினேன். ஒன்றும் விழவில்லை. அறை நடுவில் நிற்க இடம் இருந்தது. இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன், எதுவும் இடிக்கவில்லை. மேலே உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பைக்குள் நூறு பை திணித்து வைத்திருப்போமே, அந்தப் பை. அதை இறக்கும்போதுதான் கொக்கியைப் பார்த்தேன். தொட்டில் கட்டுகிற கொக்கி. என் வீட்டுக்காரர் அதில்தான் ஆடியிருக்கிறார். அதில் போய் ஜவுளிக்கடைப் பையைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

அடுத்தது பின்சுவர். அங்கே பெயிண்ட் வாளிகள் ஆள் உயரத்துக்கு ஒன்றன் மேல் ஒன்றாக நின்றன. வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் மிஞ்சிய வாளிகள். மூடி கெட்டியாக இருக்கிறதே என்று யாருக்குத்தான் தூக்கிப் போட மனசு வரும். அவற்றை இறக்கினால், பின்னால் மரச்சட்டம் தெரிகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஜன்னல்! இருட்டறை, காற்று இல்லாத அறை என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்த அறைக்கு முழு ஜன்னல் ஒன்று இருந்திருக்கிறது. புறவாசல் பக்கம் பழைய தகரத்தைச் சாத்தி வைத்திருந்ததால் வெளியிலிருந்தும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் நெல் மூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்ததோ என்னவோ, இங்கேயே வளர்ந்த என் வீட்டுக்காரருக்கும் ஞாபகம் இல்லை. கீலில் தேங்காய் எண்ணெய் விட்டு, நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் திறந்தது. ஆற்றுப் பக்கத்துக் காற்று நேராக உள்ளே வந்தது. என் வீட்டுக்காரர் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேலியாக ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய அறையா இது என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சந்தோஷம் நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் கதவைத் தட்டி மூன்றாம் வீட்டு அக்கா வந்தார். அவர் கையில் என்னுடைய பழைய சம்படம். அவர் வீட்டிலும் என் டப்பாக்கள் அதே மாதிரி அதே காரணத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன. நான் முந்திக்கொண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. சம்படம் நிறைய சுக்கும் திப்பிலியும். பின்னாலேயே மாடி வீட்டு டீச்சர், ஒரு பெரிய டப்பாவில் பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அலசி மடித்துக் கொண்டுவந்தார். பிள்ளைக்குத் துணி எவ்வளவு இருந்தாலும் போதாதாம். ஒருவர் கருப்பட்டி. ஒருவர் நல்லெண்ணெய். ஒருவர் வசம்பும் மாசிக்காயும். ஒருவர் பூண்டாகவே இரண்டு டப்பா. சீவலப்பேரியில் என் மாணவி ஒருத்தியின் அம்மா, வயல் வேலைக்குப் போகிறவர், குளிப்பாட்டப் பயத்தம்மாவு என்று பஸ் ஏறியே வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்குள் அரங்கின் தரை மறுபடியும் மறைந்துவிட்டது. ஜன்னல் கட்டை வரைக்கும் டப்பா. முன்பு எல்லாம் காலி, இப்போது எல்லாம் நிறைந்தவை. ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எல்லாம் என் மகளுக்கு.

சம்பந்தி அம்மாள் வரப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அன்று நான் அந்த டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

எங்கள் பள்ளியில் அறை ஒன்று, வகுப்பு இரண்டு. முப்பது பிள்ளைகள் அதே தரையில்தான் படிக்க வேண்டும், அதே தரையில்தான் சாப்பிட வேண்டும். தரை சும்மா இருந்தால்தான் பிழைப்பு நடக்கும். அதனால் பை, தட்டு, தண்ணீர்ப் பாட்டில், சிலேட்டு எதுவும் தரையில் இருக்கக் கூடாது என்று நானே சட்டம் போட்டு, சுவர் முழுக்க ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மீறினால் என் கோபம் ஊர் அறிந்தது. அன்று மத்தியானம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. முப்பது பிள்ளைகளிடம் செல்லுபடியாகிற என் சட்டத்தை என் வீட்டில் நான் ஒருநாளும் போட்டதில்லை. என் அரங்கில் தரைதான் நிறைந்து கிடக்கிறது. நாலு சுவரும் மேலே உத்தரம் வரைக்கும் மொட்டையாக நிற்கிறது.

அன்று சாயங்காலமே தொடங்கினோம். ஓட்டல்காரர்கள் வாங்கும் பதினைந்து கிலோ எண்ணெய் டின்கள் என்னிடம் எட்டு இருந்தன. அவற்றின் மேல்தகட்டை வெட்டி, விளிம்பை மடக்கித் தட்டி, படுக்க வைத்து, தலைக்கு மேல் சுவர் நெடுகப் பலகை அடித்து அதன் மேல் வரிசையாக ஏற்றினோம். எட்டு மாடம் ஆயிற்று. துணி எல்லாம் அதில் போயிற்று. சத்துமாவுப் பாட்டில்களின் மூடியைப் பலகையின் அடிப்பக்கம் திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, பாட்டிலைக் கீழேயிருந்து திருகிவிடுவது என் வீட்டுக்காரரின் யோசனை. சுக்கு, வசம்பு, மிளகு எல்லாம் அந்தரத்தில் தொங்கின. முதல் பாட்டிலைத் திருகிவிட்டுக் கையை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக என்னை டப்பாக்காரி என்று கேலி செய்தவர், ஆபீசிலிருந்து வரும்போதே, "ஏளா, வேற பாட்டில் கெடக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

பெயிண்ட் வாளி ஆறை ஒரே உயரத்துக்குத் தேர்ந்து ஜன்னலடியில் வரிசையாக வைத்து, புறவாசலில் கழற்றிப்போட்டிருந்த ஒரு பழைய கதவை மேலே கிடத்தி, போர்வையை மடித்து விரித்தோம். பால் கொடுக்க உட்கார நல்ல வாகு. கால் தரையில் சரியாகப் பாவும். வாளிக்குள்ளே கருப்பட்டி, அரிசி, பயறு. மாமியார் காலத்துப் பித்தளை அண்டாக்களைக் குழந்தைகளை மடியில் வைக்கிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிப் புறவாசலுக்கு அனுப்பினேன். பெரியது வெந்நீருக்கு. ஐஸ்கிரீம் டப்பாக்களை, முதல் தடவையாக அதனதன் மூடியோடு, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஆமாம், புதுசாக வாங்கிய கட்டில். அது உள்ளே வந்து, நிமிர்ந்து, சுவரோரம் நின்றது. அதைச் சுற்றி நடக்கவும் இடம் இருந்தது.

ஒவ்வொரு டின்னிலும் டப்பாவிலும் பள்ளி அட்டையை வெட்டி ஒட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே எந்த வீட்டிலிருந்து வந்தது என்றும் எழுதினேன். என்றைக்காவது இதற்கெல்லாம் பதிலுக்குச் செய்ய வேண்டுமே, மறந்துவிடக் கூடாதே என்றுதான்.

சொன்ன நாளில் சம்பந்தி அம்மாள் வந்தார். காப்பி பிறகு ஆகட்டும், முதலில் போய்ப் பாருங்கள் என்றேன். அரங்குக் கதவுக்கு முன்னால் அவர் கொஞ்சம் விலகி, சேலையைக் காலோடு ஒதுக்கிக்கொண்டு, ஒரு விரலால் தள்ளினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கதவு சுவர் வரைக்கும் போய் மெதுவாக முட்டி நின்றது.

உள்ளே போனார். கட்டிலை அமுக்கிப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். இந்த ஜன்னல் அன்றைக்கு இருந்ததா என்று கேட்டார். இருந்தது, எனக்கே தெரியாது என்றேன். வாளிப் பலகையில் உட்கார்ந்தார். ஆடவில்லை. எழுந்து நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். வேட்டித் துணி, மாடி வீடு. சுக்கு, திப்பிலி, மூன்றாம் வீடு. பூண்டு, நடைவாசல் வீடு. பயத்தம்மாவு, சீவலப்பேரி. ஒரு சுவர் முடிந்து அடுத்த சுவருக்குப் போனார். ஆஸ்பத்திரி தூரம் என்று சொல்லப் போகிறார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் மனசுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன். பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி, வளவு வாசலிலேயே ஆட்டோ நிற்கிறது, ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் இருந்தேன்.

அவர் கடைசி அட்டையையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வீட்ல மூணு ரூம் இருக்கு மதினி. பக்கத்து வீட்ல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றார். கண்ணாடியை மடக்கிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டே, "பிள்ள இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். என் கால் தரையில் பாவவில்லை. அவரைப் பட்டாசலில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்த கையோடு அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகச் சிரித்தேன். அவர் முகத்தில் இருந்த சோர்வு பிறகுதான் மனசில் பட்டது. அதற்காக நான் சிரித்ததை மறைக்கப் போவதில்லை. நாற்பது நாள் உழைத்திருக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து, இரண்டு கை நிறைய கண்ணாடி வளையலோடு என் மகள் அரங்குக்குள் நுழைந்தாள். சுற்றிப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு கட்டிலில் ஏறிப் படுத்து, பகல் பதினொரு மணிக்கு, ஒரு காரணமும் சொல்லாமல் தூங்கிப்போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, முற்றத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பையப் பேசச் சொன்னேன்.

பேத்தி ஒரு விடியற்காலையில் பிறந்தாள். பாலத்தைத் தாண்டி ஆட்டோ உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு சம்பந்தி அம்மாள் தினமும் காலையில் பஸ் பிடித்து வந்துவிடுவார். முதலில் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பினார். பிறகு சாயங்காலக் காப்பி ஆயிற்று. முற்றத்தில் எல்லார் பெயரும் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. மாடி வீட்டு டீச்சரோடு ஒரு சண்டை கூடப் போட்டுவிட்டார், பிள்ளைக்கு எந்த எண்ணெய் நல்லது என்று.

ஒரு நாள் வெயில் கடுமை. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன் என்றவர் கிளம்பாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவராகக் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய், ஜன்னலடியில் வாளிப் பலகை மேல் இன்னொரு போர்வையை மடித்துப் போட்டு, தலையணையைத் தட்டி வைத்தேன். படுங்கள் மதினி, வெயில் தாழப் போகலாம் என்றேன். அவர் கைப்பையைப் பலகையில் வைத்தார். மறுபேச்சில்லாமல் படுத்தார்.

கட்டிலில் மகள், தொட்டிலில் பேத்தி, ஜன்னலடியில் சம்பந்தி அம்மாள், பட்டாசலில் வாயைத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரர். நான் அரங்கின் தரையில் பாயை விரித்துப் படுத்தேன். காலை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். இடம் இருந்தது.